இபாக்கில் ஒரு பல்குத்தி

சுவிட்சர்லாந்து போய்வருகிறவர்களின் பெட்டியில் சாக்லேட் இருக்கும், கழுத்துமணி கட்டிய பசுப் பொம்மை இருக்கும், சிவப்புக் கைப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றும் கட்டாயம் இருக்கும். கத்தி எனக்குத் தேவைப்படவில்லை. தாய்மாமா 1980களில் துபாயில் வேலை பார்த்தபோது வாங்கிவந்த விக்டோரினாக்ஸ் கத்தி என்னிடம் ஏற்கெனவே இருந்தது. பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறப்பான், சோடா மூடி திறப்பான், தோலில் துளை போடும் ஊசி, கார்க் திருகி எல்லாம் அதில் ஒழுங்காக வேலை செய்கின்றன. காணாமல் போனது பல்குத்தி ஒன்றுதான்.

இந்தக் கத்தி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேரிடம் பல்குத்தி இருக்காது. முள்வாங்கியும் பலரிடம் போயிருக்கும். காரணம் எளியது. அலகும் திறப்பானும் பித்தளை ஆணியில் கோத்தவை. கத்தி இருக்கும்வரை அவையும் இருக்கும். பல்குத்தியையும் முள்வாங்கியையும் எந்த ஆணியும் பிடித்திருக்கவில்லை. கைப்பிடியின் இரு பக்கப் பிளாஸ்டிக் தகடுகளுக்குள்ளும் ஆளுக்கொரு பொந்து. அதில் உராய்வை மட்டும் நம்பிச் செருகியிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் பல்குத்தியை உருவி, பேச்சு சுவாரசியத்தில் இலையோடு சேர்த்து மடக்கிப் போட்டால் முடிந்தது.

அந்தக் காலி பொந்தை நிரப்ப இந்தியாவிலேயே வழி இருந்திருக்கும். ஆனால் வேறு வேலையாக சுவிஸ் போக வாய்த்தபோது, கத்தி பிறந்த ஊரான இபாக்கையே பார்த்துவிடலாமே என்று தோன்றியது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய கைப்பிடிக்குள் இன்று செய்கிற பல்குத்தி போகுமா என்ற கேள்வியும் கூடவே இருந்தது. கத்தியைச் செக்-இன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

லூசர்னில் ஈழத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட வயதில் இளையவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அண்ணை, இஞ்ச வாற ஆக்கள் மணிக்கூடு வாங்குவினம், கத்தி வாங்குவினம். பல்லுக்குத்தி வாங்க வந்த ஆளை இப்பதான் பாக்கிறன்" என்றார். ஆனாலும் விடுப்பு நாளில் என்னோடு கப்பலேறினார்.

லூசர்னிலிருந்து இபாக் போக ரயில்தான் சுருக்கு வழி. கையில் பொழுது இருந்தால் ஏரி வழி. துடுப்புச் சக்கரம் வைத்த ஐந்து பழைய நீராவிக் கப்பல்கள் லூசர்ன் ஏரியில் இன்னமும் ஓடுகின்றன. எங்களுக்கு வாய்த்தது 'ஊரி'. 1901-ல் கட்டியது. கப்பலின் நடுவே கம்பித் தடுப்புக்கு அப்பால் இயந்திரம் திறந்தே கிடக்கிறது. எண்ணெய் பூசிய எஃகுத் தண்டுகள் மேலும் கீழும் போய்வர, பயணிகள் குனிந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நிலக்கரி போய் எண்ணெய் வந்ததைத் தவிர, நூற்றாண்டு தாண்டியும் அதே இயந்திரம். தேய்ந்ததை மாற்றி மாற்றியே ஓட்டுகிறார்கள். பல்குத்தி வாங்கப் போகிறவனுக்கு ஏற்ற வாகனம்.

ரிகி மலையடிவாரத்தில் விட்ஸ்னாவ் வருகிறது. 1871-ல் ஐரோப்பாவின் முதல் மலை ரயில் ஏறிய துறை அது. பல்சக்கரம் கடித்துக் கடித்து மலையேறும் சிவப்பு ரயில் இப்போதும் அங்கே நிற்கிறது. மலைகள் நெருங்கி வந்து ஏரி தெற்கே மடங்கும் முனையில் ப்ரூனன். லூசர்னிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். எதிர்க்கரையில் ஒரு பச்சைச் சரிவைக் காட்டி, "அதுதான் ரூட்லி" என்றார் நண்பர். மூன்று மலைநாட்டவர் கூடிச் சபதம் செய்து சுவிஸ் கூட்டமைப்பைத் தொடங்கியதாக மரபு சொல்லும் புல்வெளி. 1291 என்று தேதியிட்ட அந்த உடன்படிக்கைப் பத்திரம் பக்கத்து ஊரான ஷ்வீட்ஸில் தனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாட்டின் பெயர் ஷ்வீட்ஸ் என்ற இந்தச் சின்ன மாநிலத்திலிருந்து வந்ததுதான். சிவப்பில் வெள்ளைச் சிலுவைக் கொடிக்கும் மூலம் இங்கேயே. என் கத்தியின் கைப்பிடியில் இருக்கும் சிலுவைக்குச் சொந்த ஊர் இதைவிட வேறு எதுவாக இருக்க முடியும்!

ப்ரூனனில் ரயில் நிலையச் சாலையில் விக்டோரினாக்ஸின் வருகையாளர் மையம். கடையும் சின்ன அருங்காட்சியகமும் சேர்ந்தது. நிறுவனத்தின் கதைச் சுருக்கம் இது. கார்ல் எல்ஸ்னர் 1884-ல் இபாக்கில் கத்திப் பட்டறை வைத்தார். அப்போது இந்தப் பள்ளத்தாக்கு ஏழ்மையில் கிடந்தது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் கடல் கடந்துகொண்டிருந்தார்கள். சுவிஸ் ராணுவம் சிப்பாய்களுக்கான மடக்குக் கத்தியை ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து தருவித்தது. நம் ராணுவத்துக்கு நாமே செய்யலாமே என்று எல்ஸ்னர் சக கத்திக் கொல்லர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்து, 1891-ல் முதல் தொகுதியை ஒப்படைத்தார். சோலிங்கன் ஆலைகள் அதே கத்தியை மலிவாகச் செய்ததால் மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள்; எல்ஸ்னர் கடனில் மூழ்கினார்.

அந்தச் சிப்பாய்க் கத்தியில் இருந்தவை நான்கு: அலகு, துளையூசி, டின் திறப்பான், ராணுவத் துப்பாக்கியைக் கழற்றப் பயன்பட்ட ஸ்க்ரூ டிரைவர். கனமும் கூடுதல். அதற்குப் பிறகு எல்ஸ்னர் செய்த அதிகாரிகள் கத்தியில்தான் சாமர்த்தியம். முதுகில் இருக்கும் ஒவ்வொரு வில்லையும் இரு பக்கக் கருவிகளுக்கும் பொதுவாக்கி, இரண்டே வில்லில் ஆறு கருவிகளை அடக்கினார். 1897 ஜூன் 12-ல் அதற்குப் பதிவு பெற்றார். ராணுவம் அதை அதிகாரபூர்வமாகக் கொடுக்கவில்லை; அதிகாரிகள் தாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பட்டறை தப்பித்தது. 1909-ல் தாய் விக்டோரியா இறந்தபின் அவர் பெயரையே சரக்குக்கு வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மையத்தில் காசு கட்டினால் பணியாளர் ஒருவர் துணையோடு நாமே ஒரு கத்தியைக் கோத்துப் பார்க்கலாம். இளைஞன் ஒருவன் கோத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பித்தளை ஆணிகளை நிறுத்தி, அதில் அலுமினியத் தகடு, அலகு, வில், மறுபடி தகடு என்று அடுக்குகிறான். கருவிகளும் வில்லும் எஃகு என்றாலும் எல்லாம் ஒரே கடினம் கிடையாது. கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் அலகுக்கு 56. கார்க் திருகிக்கும் வில்லுக்கும் 49. வெட்டுவது இறுகியிருக்க வேண்டும், வளைந்து நிமிர்வது சற்று இளகியிருக்க வேண்டும் என்று அதனதன் வேலைக்குத் தக்கபடி பதம் வைத்திருக்கிறார்கள். ஆணிகளின் தலையை அழுத்தி முடித்தபின் கடைசியாகச் சிவப்புத் தகடுகள். அவற்றுக்குத் திருகும் இல்லை, பசையும் இல்லை. தகட்டின் உட்புறக் குழிகள் ஆணித் தலைகளைக் கவ்விக்கொள்ளும்படி ஓர் அழுத்து. அவ்வளவுதான்.

அந்த ஓர் அழுத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டது. அழுத்திப் பொருத்தியது என்றால் நெம்பினால் கழன்று வரும். தகடு உடைந்தால் தகட்டை மட்டும் மாற்றலாம். பல்குத்தி, முள்வாங்கி, தகடு, கத்தரிக்கோலுக்குள் இருக்கும் சின்ன வில் என்று எளிதில் தொலைவதும் உடைவதும் எவையோ, அவையெல்லாம் எளிதில் மாற்றும்படி அமைந்திருக்கின்றன. ஒட்டிவைத்துவிட்டால் பழுதுபார்ப்பவனுக்கு வேலையே இல்லை. நம் கைப்பேசிகளின் கதை அதுதான்.

ப்ரூனனிலிருந்து இபாக்குக்குப் பேருந்தில் சில கிலோமீட்டர். முவோட்டா ஆறு சுண்ணாம்புக் கரைசல் நிறத்தில் கூடவே வருகிறது. எதிரே மைத்தன் சிகரங்கள் இரண்டும் மொட்டைப் பாறையாக ஊருக்கு மேலே நிமிர்ந்து நிற்கின்றன. பெரியது 1898 மீட்டர். ஆலை இருக்கும் தெருவுக்கே கொல்லர் தெரு என்றுதான் பெயர். உலகம் முழுக்கச் சரக்கு போகிற இடம் என்ற பகட்டு எதுவும் காணோம். தெருவை ஒட்டி நீண்ட கட்டடங்கள், சிலுவைச் சின்னம், ஆலையின் சொந்தக் கத்திக் கடை. 2017-ல் ஐம்பது கோடியாவது கத்தியைச் செய்து முடித்தது இந்த நிறுவனம்தான்.

கடையில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். நண்பர் ஜெர்மனில் பேச, அவர் கையை நீட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டார். கேள்வி ஏதும் கேட்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததிலேயே நீளம் தெரிந்துவிட்டது: 91 மில்லிமீட்டர். இழுப்பறையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். உடனே செருகிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. காலி பொந்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய கம்பி ஒன்றை விட்டு நெம்ப, பல ஆண்டுச் சட்டைப்பைப் பஞ்சு, கறுத்து இறுகிய ஒரு திரியாக வெளியே வந்தது. அதைத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் பல்குத்தியின் முனையைப் பொந்தில் வைத்து விரலால் தள்ளினார். முக்கால் வாசி தாராளமாகப் போனது. கடைசியில் மட்டும் கொஞ்சம் இறுக்கம். இன்னும் ஓர் அழுத்து. தலைப்பகுதி கைப்பிடியோடு சமமாக உட்கார்ந்தது. கத்தியைக் கவிழ்த்து உதறிக் காட்டினார், விழவில்லை. நகத்தை வைத்து எடுக்கத் தலையில் ஒரு சிறு பள்ளம், அது அன்றும் அதே இடம்தான், இன்றும் அதே இடம்தான். புதுப் பல்குத்தியின் தந்த வெள்ளை மட்டும் கீறல் விழுந்த பழைய சிவப்பில் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது.

எதிர்ப்பக்க முள்வாங்கியையும் உருவிப் பார்த்தார். தொலையவில்லை, ஆனால் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் புதிது வேண்டாம் என்றார். இரண்டு கால்களையும் விரலால் மெல்ல அகட்டிவிட்டுச் செருகினார், கப்பென்று பிடித்துக்கொண்டது. விற்பதற்கு உட்கார்ந்திருப்பவர், விற்காமலே ஒரு சாமானைச் சரிசெய்து கொடுத்தார்.

முள்வாங்கி நமக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியையும் குறும்பிவாங்கியையும் ஒரு வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கருவேல முள் தைக்காத கால் ஏது? அவர்கள் அதைத் தொலைத்ததாக நான் கேட்டதில்லை, உடம்போடு கட்டியிருந்ததால். கயிறில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற சாமானுக்கு மாற்று கிடைத்தாக வேண்டும்.

வேறு என்னென்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு வரிசையாகக் காட்டினார். சில கைப்பிடிகளில் சிறு பேனா ஒன்று ஒளிந்திருக்கும். அதுவும் தனியே கிடைக்கும். புதுக் கைப்பிடிகள் சிலவற்றில் குண்டூசிக்கென்றே ஊசிமுனைத் துளை உண்டு. என் பழைய தகட்டில் பேனாவுக்கும் இடமில்லை, குண்டூசிக்கும் துளையில்லை. தகட்டையே மாற்றிக்கொள்ளலாமே என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். மாமா காம்பஸ் முனையால் கீறிய அவர் பெயரின் முதலெழுத்து அதில் இருக்கிறது.

ஆனால் ஒரு சாமானை வாங்கினேன். மூக்குக்கண்ணாடித் திருகுக்கான குட்டி ஸ்க்ரூ டிரைவர். நம் வீட்டில் கார்க் திருகிக்கு வேலை கிடையாது. முடிச்சு அவிழ்க்கத்தான் மாமா பயன்படுத்தினார். அந்தச் சுருள்தான் இந்தக் குட்டி டிரைவருக்கு வீடு. சுருளுக்குள் திருகித் திருகி ஏற்றினால் உள்ளேயே தங்கிவிடுகிறது. கத்தியை மடித்தாலும் இடிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலேயே அதற்கு முதல் வேலை வந்தது. நண்பரின் கண்ணாடிக் காது ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கீலில் இருந்த எள்ளளவு திருகைக் கால் சுற்று இறுக்கினேன். "இனிப் பகிடி பண்ணமாட்டன் அண்ணை" என்றார்.

பல்குத்தியின் விலை அந்த ஊரில் ஒரு காபி விலைக்கும் குறைவு. பொருளிலும் வேலைப்பாட்டிலும் குறை இருந்தால் நிறுவனம் ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்கிறது. நாம் தொலைத்ததற்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும். அது நியாயம்தான்.

திரும்பும் வழியில் நண்பர் தன் கதையைச் சொன்னார். "நான் வந்த புதுசில ரெஸ்டாரண்ட் குசினியிலதான் வேலை. அங்கயும் இந்தக் கொம்பனிக் கத்திதான். வெங்காயம் வெட்டி வெட்டிக் கை மரத்துப் போகும், கத்தி மழுங்காது." சுவிஸில் வந்து காலூன்றிய தமிழரில் பலருக்கு முதல் சம்பளம் கிடைத்தது ஏதோ ஓர் உணவகத்தின் சமையலறையில்தான். மடக்குக் கத்தியால் பேர் வாங்கிய நிறுவனத்துக்குச் சமையல் கத்தியும் பெரிய வியாபாரம்.

மடக்குக் கத்தி வியாபாரம் ஒரு முறை ஆட்டம் கண்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானத்தில் கையோடு கத்தி கொண்டுபோகத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளிலும் கத்தி காணாமல் போனது. விற்பனை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தும் அந்தக் காரணத்துக்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை; கொஞ்சம் பேரை அக்கம்பக்கத்து நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பிச் சமாளித்தார்கள். நூறாண்டாக இதே ராணுவக் கத்தியைச் செய்துவந்த போட்டிக் கம்பெனி வெங்கர் 2005-ல் இவர்கள் கைக்கு வந்தது. இன்று நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐரோப்பாவில் ஆறு சென்டிமீட்டருக்குக் குறைந்த அலகு கைப்பையில் போகலாம். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் முடியாது. அலகே இல்லாத மடக்குக் கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக நிறுவனத் தலைவர் 2024-ல் அறிவித்தார். அதிலிருந்து அலகு போனாலும் முள்வாங்கி போகாது என்றே நினைக்கிறேன்.

சென்னை பர்மா பஜாரில் இதேபோல் சிவப்புக் கத்திகள் கிடைக்கும். பார்வைக்கு அச்சு அசல். பல்குத்தியும் இருக்கும். தொலைந்தால் மாற்று மட்டும் கிடைக்காது. ஒவ்வொரு தொகுதியிலும் பொந்தின் அளவே மாறும். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் எஃகில் இருப்பதாக எல்லாரும் சொல்வார்கள். எஃகைச் சோதிக்க நம்மால் ஆகாது. பல்குத்தியைக் கேட்டுப் பார்ப்பது எளிது. அளவை மாற்றாமல் காப்பாற்றுவது புதிதாகக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமான காரியம். ஒவ்வொரு புது மேலாளரும் எதையாவது மாற்றிக்காட்டத் துடிப்பார். இபாக்கில் அந்தத் துடிப்பு பல்குத்தியின் பொந்துவரை வரவில்லை.

பல்குத்தியை இப்போது எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். பசை தடவ, சார்ஜர் துளையில் அடைந்த பஞ்சை எடுக்க. பிளாஸ்டிக் என்பதால் மின்சாரம் கடத்தாது. பல்லுக்குப் பயன்படுத்தினால் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துச் செருகுங்கள். கத்தியையும் வெந்நீரில் விட்டுத் திறந்து மூடி அழுக்கு நீக்கி, நன்றாக உலர்த்தி, கீல்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

உங்கள் மேசை இழுப்பறையிலும் இப்படி ஒரு கத்தி பொந்து காலியாகக் கிடக்கலாம். மடித்த கைப்பிடியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 91 மில்லிமீட்டர் என்றால் பல்குத்தியின் எண் ஏ.3641, முள்வாங்கி ஏ.3642. சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தி என்றால் ஏ.6141, ஏ.6142. இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டிரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்; ஒன்று எப்படியும் தொலையும்.